எம்டனுக்கு என்ன வயசு

1925 ஜூன் 15, திங்கள்

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. விடியற்காலையிலிருந்து மழை. யாரும் வெளியே வரவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

மழை விட்டது. என் வாயும் அவிழ்ந்துகொண்டது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆபீசில் கணக்கு எழுதுகிற ஆம்புரோஸ் கிராணியின் வெள்ளைச் சட்டைப் பையில் நீலமாக மை. "அய்யா, மைக்கூடு ஒழுகுது" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அவருக்கு மைக்கூடு என்று பேர் வைத்து நாலு வருஷம் ஆகிறது. குட்டை, உருண்டை, கழுத்து கிடையாது. அவருக்கும் தெரியும்.

இது ஒன்று. எழுதியாயிற்று, சாமி.

சனிக்கிழமை ஈப்போ கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன். "என்ன பாவம்?" என்றார் சாமியார். "கேலிதான் சாமி." "போன தடவையும் அதுதானே?" "அதுக்கு முந்தின தடவையும் அதுதான் சாமி." தூங்கிவிட்டாரோ என்று கூண்டுக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியது. அப்புறம் சொன்னார்: "உனக்கு ஜெபம் பத்தாது. யாரை என்ன சொன்னாய் என்று தினமும் எழுது. மூன்று மாதம் கழித்துப் படித்துப் பார். உனக்கே வெட்கம் வரும்."

பினாங்கு மடத்தில் என் அம்மா துணி வெளுத்தபோது கூடவே போய், கன்னியாஸ்திரீகளிடம் இரண்டு வருஷம் எழுத்துப் படித்தேன். அது கடைசியில் என் பாவத்தை எழுதத்தான் உதவுகிறது. நோட்டு, கிராணி கழித்துப் போட்ட பழைய செக்ரோல், வேலையாட்கள் பேர் பதிகிற புத்தகம். பின்பக்கமெல்லாம் வெள்ளை. மைக்கூட்டிடமே கேட்டு வாங்கினேன்.

எழுதுகிற இடம் ஆயாக்கொட்டகை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற பொம்பளைகள் விடிவதற்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மத்தியானம் எல்லாம் தூங்கும். ஏழு தொட்டிலையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். ஒரு இழுப்புக்கு ஏழும் ஆடும். கயிறு இழுக்கிறவள் எம்டன்.

எம்டன் கருப்பம்மாளின் மூத்த மகள். வீட்டுப் பேர் முத்தம்மா. பினாங்கு துறைமுகத்துக்குள் அந்த ஜெர்மன் கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போன வாரம் பிறந்தாள். வந்து விழுந்ததும் போட்ட சத்தத்தில் அடுத்த லயத்து வீடெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. வேறு என்ன பேர் வைப்பேன்? இந்த மூங்கிலாத்துத் தோட்டத்தில் பிறக்கிற பிள்ளையை முதலில் கையில் வாங்குவது நான்தான். அதனால் முதல் பேரும் என்னுடையதுதான். சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நோட்டு பத்தாது.

ஜூன் 17, புதன்

சன்னாசிக் கங்காணி தலையில் புதுத் தலைப்பாகை. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு எந்தத் தோட்டம்?" என்றேன். அவருக்கு அறுபது. வெட்கப்பட்டார்.

ஜூன் 21, ஞாயிறு

கிராணி கையில் கடுதாசியோடு லயம் லயமாக வந்தார். வாசலுக்கு வாசல் ஒரே கேள்வி: "வீட்ல எத்தனை பசங்க?" அவர்கள் சொல்லச் சொல்லக் கோடு கிழித்துக்கொண்டார்.

"என்னாங்கய்யா எண்ணுறீங்க? தலைக்கு வரியா?"

"போ ஆயா, சூசா குடுத்துத் தொல்லை பண்ணாத. லேபர் ஆபீசு கேட்டு எழுதியிருக்கு. ஏழு வயசுலேர்ந்து பதினாலு வரைக்கும் பத்துப் பிள்ளை இருந்தா தோட்டத்துல பள்ளிக்கூடம் வெக்கணும். ரெண்டு வருசத்துக்கு முந்தியே சட்டம் போட்டாச்சு. நமக்கு ஆறுதான் வருது. வேலை முடிஞ்சுது."

ரெண்டு வருஷமாகச் சட்டம் இருக்கிறதாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மத்தியானம் முழுக்க இதே நினைப்பு. ஏன் பத்து? ஒன்பது பிள்ளை இருந்தால் அந்த ஒன்பதுக்கும் தலை இல்லையா? எழுதின தொரைக்கு விரல் பத்து, அதனால் பத்தோ? கள்ளுக்கடை வைக்கும்போது யாரும் லயம் லயமாக வந்து எத்தனை வாய் என்று எண்ணவில்லை. சந்தடியில்லாமல் கட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், திறந்தார்கள். ரப்பர் இவ்வளவுதான் கப்பலில் ஏற்றலாம் என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டதில் விலை ஏறிவிட்டது என்று கிராணியே சொன்னார். மரத்துப் பாலுக்குக் கட்டுப்பாடு உண்டு. மரத்துக் கள்ளுக்குக் கிடையாது.

இதைச் சாயங்காலம் குழாயடியில் சத்தமாகச் சொன்னேன். பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. எது சொன்னாலும் சிரிக்கிறார்கள். என் தப்புத்தான்.

ஜூன் 22, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

எம்டன் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டாள்: "ஆயா, பள்ளிக்கூடத்துல என்னா பண்ணுவாங்க?" நான் பதில் சொல்வதற்குள் அவளே, "நமக்கு என்னா, அது பசங்களுக்கு" என்றாள். பொறி தட்டியது. கிராணி கேட்டது பசங்க. எல்லா வீட்டிலும் ஆம்பளைப் பிள்ளைகளை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

பால் எடை போடும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"அய்யா, சட்டத்துல என்னா எழுதியிருக்கு?"

"இங்கிலீசுல இருக்கு ஆயா. சில்ரன்."

"சில்ரன்னா?"

"பிள்ளைங்க."

"பசங்களா, பிள்ளைங்களா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டார். மூக்கிலும் மை. நான் ஒன்றும் சொல்லவில்லை. (சாமி, இதைக் கணக்கில் வையுங்கள்.)

"சரி, பொட்டப் பிள்ளையும் சேத்துக்குவோம். வயசுக்குச் சாட்சி என்னா? நம்ம வேதக்காரப் பிள்ளைன்னா கோயில்ல ஞானஸ்நானச் சீட்டு இருக்கும். இதுங்களுக்கு? ஆத்தாளைக் கேட்டா 'அது ஆவுது ஏழெட்டு'ங்கும். ஏழுன்னு எழுதவா, எட்டுன்னு எழுதவா, அஞ்சுன்னு எழுதவா?"

அவர் சொல்வதும் நிஜம். எந்த ஆத்தாளுக்கும் தேதி தெரியாது. எனக்குத் தெரியும். தேதியாகத் தெரியாது. பேராகத் தெரியும்.

பொட்டப் பிள்ளைகளில் எம்டன் ஒன்று. ஆனை ஒன்று, காட்டு யானை வந்து கிணற்றுச் சுவரை இடித்த அன்று பிறந்தவள். புகை, புகைக்கூண்டு தீப்பிடித்து ரப்பர் எல்லாம் எரிந்தபோது அவள் ஆத்தாள் அந்தப் புகையிலேயே பெற்றாள். தொரைசாணி, இப்போதைய பெரிய தொரை முதன்முதலாகக் குதிரையில் வந்து இறங்கிய நாள். ஆறும் நாலும் பத்து.

இன்னும் ஒன்று இருக்கிறாள், சமாதானம். சண்டை முடிந்தது என்று ஆபீசில் மணி அடித்தபோது பிறந்தாள். வர நவம்பரில்தான் ஏழு. அவள் சேரமாட்டாள்.

சரியாகப் பத்து. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது. சந்தோஷம்.

ஜூன் 24, புதன்

சொல்லச் சொல்ல, இங்கிலீசில் ஒரு கடுதாசி எழுதித் தந்தார் மைக்கூடு. லேபர் ஆபீசுக்கு. மூங்கிலாத்தில் பத்துப் பிள்ளை உண்டு, வந்து பாருங்கள் என்று. அடியில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்: குழந்தையம்மாள், ஆயா.

"தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். நான் எழுதுனேன்னு சொல்லாத" என்றார். "மைக்கூடு எழுதலைன்னா வேற யாரு எழுதுவாங்கன்னு கேப்பாங்களே" என்றேன். நோட்டில் ஏறட்டும்.

ஜூலை 2, வியாழன்

கருப்பம்மாள் கைப்பிள்ளையை எடுக்க வந்தாள். "அக்கா, அடுத்த மாசம் முத்தம்மாவைப் புல்லு வெட்டுக்குப் பேர் குடுக்கப்போறேன். அரை ஆள் சம்பளம் வரும்."

செக்ரோலில் பேர் ஏறிவிட்டால் அவள் வேலையாள்; பிள்ளைக் கணக்கில் சேராது என்று கிராணி சொல்லியிருக்கிறார். பத்து ஒன்பதாகிவிடும்.

"ஏண்டி, வீட்ல ஆம்பளை இல்லையா?"

"அவருக்குத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் வருதே."

அங்கேதான் என் நாக்கு. "மாயாண்டிக்குக் காய்ச்சல் மலையிலேர்ந்து வரலை. மரத்திலேர்ந்து வருது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும்."

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். கருப்பம்மாள் சிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கினாள், போனாள். எம்டன் கயிற்றை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஜூலை 3, வெள்ளி

பாஸ்கல்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அதில் மூன்று சோற்றைப் பற்றி. நேற்று நாலாவது வார்த்தை இது: "மாயாண்டி கள்ளை விட்டு மூணு மாசம் ஆச்சு."

"நெசமாவா?"

"என் பக்கத்து மரத்துலதான் வெட்டுறான். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வயித்துல இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு."

அப்புறம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

ஜூலை 9, வியாழன்

கருப்பம்மாள் பேசவில்லை. காலையில் பிள்ளையை நீட்டுகிறாள், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. சாயங்காலம் கையை நீட்டுகிறாள், முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

ஜூலை 19, ஞாயிறு

சாமியார் எழுதச் சொன்னது கேலியை. நான் இன்றைக்கு யோசனையை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் வேண்டும் என்கிறேன். கருப்பம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லையே. அரிசி வேண்டும் என்கிறாள். சட்டம் போட்ட தொரைமார் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள், பிள்ளை வேலைக்குப் போனால் அரைச் சம்பளம் என்று இன்னொரு பக்கம் விட்டுவிட்டார்கள். ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் தள்ளினால் பிள்ளை எந்தப் பக்கம் போகும்? வயிறு கூப்பிடும் பக்கம்தான் போகும். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் — முதலில் அப்பனுக்குக் காய்ச்சல் மருந்து, அப்புறம் மகளுக்குச் சிலேட்டுப் பலகை. அப்பன் முழு ஆளாக நின்றால் மகள் அரை ஆளாகப் போகவேண்டியதில்லை.

யார் என்னைக் கேட்கிறார்கள்? கேட்டாலும், குழந்தையம்மாள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்பார்கள்.

ஆனால் மாயாண்டிக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது தோட்டம்தான். அதுவும் சட்டம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸரே ஒரு தடவை சொன்னார். ஏன் அனுப்பவில்லை? இவன் போகமாட்டேன் என்கிறானாம். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று பயமாம்.

அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆகஸ்டு 3, திங்கள்

எம்டன் புல்லு வெட்டப் போய்விட்டாள். தலையில் அவள் அப்பனின் தொப்பி. காது வரை இறங்கிக் கண்ணை மறைத்தது. புது ஆள் என்பதால் இரண்டு மாசம் செக்ரோலில் பென்சிலில்தான் இருக்குமாம். வேலை பழகினால் மையில் ஏற்றுவார் கிராணி.

கயிற்றை நான் இழுக்கிறேன். கோபத்தில் இழுத்தால் ஏழும் விழித்துக்கொள்கிறது.

ஆகஸ்டு 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் நேராக மாயாண்டி வீடு. கருப்பம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

உள்ளே மாயாண்டி கம்பளிக்குள் கிடந்தான். கட்டில் காலெல்லாம் ஆடுகிறது. நான் போட்டு வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன்: "தம்பி, நான் உன்னைத் தப்பாப் பேசிட்டேன். நாலு பேருக்கு முன்னால பேசுனேன். மன்னிச்சுக்க."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கேலி இல்லை, ஒன்றும் இல்லை.

மாயாண்டி கம்பளியிலிருந்து தலையை நீட்டினான். முகம் வெளுத்துப் போய்விட்டது. "கருப்பு! ஏ கருப்பு, இங்க வா! அக்கா கேலி பண்ணாமப் பேசுது. எனக்கு என்னமோ ஆகப்போவுது! டிரெஸர் உங்கிட்ட ஏதும் சொன்னாரா அக்கா? நான் செத்துருவேனா?"

வாசலில் முறம் நின்றது. உள்ளே வந்த கருப்பம்மாளுக்கும் முகம் மாறிவிட்டது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "நீ சாக மாட்ட. உன்னை வாங்கிக்க மேல இருக்கவங்களுக்குப் பைத்தியமா? கட்டில் ஆடுற ஆட்டத்துக்கு உன்னை என் கொட்டகையில கட்டிவிட்டா ஏழு தொட்டிலும் தானா ஆடும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. கொயினா மருந்து குடி. கசக்கும்லா. உன் பொஞ்சாதி ரசத்தைக் குடிச்ச வாய்க்கு அது தேன் மாதிரி."

மாயாண்டி சிரித்தான். சிரிப்பில் இன்னும் கொஞ்சம் ஆடினான். "சரி, போறேன்" என்றான்.

வெளியே வந்தபோது கருப்பம்மாள், "என் ரசத்துக்கு என்னா கேடு?" என்றாள். ஏழு வாரத்தில் முதல் பேச்சு. வழி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்டு 24, திங்கள்

மாயாண்டியை மாட்டு வண்டியில் ஏற்றினோம். எம்டன் புல்லு வெட்டிலிருந்து ஓடிவந்து வண்டிக்குப் பின்னாலேயே சாலை வரை போனாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மாயாண்டி வந்துவிட்டான். நடந்தே வந்தான். மெலிந்திருக்கிறான். ஆட்டம் இல்லை. நாளையிலிருந்து பால்வெட்டுக்குப் போகிறேன் என்கிறான்.

முத்தம்மா பேரை எடுக்கச் சொல் என்று கருப்பம்மாளிடம் நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது. அடக்கினேன். அவள் வீட்டு அடுப்பு. அவள்தான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 9, புதன்

நாளைக்கு லேபர் தொரை வருகிறார்! ஆபீஸ் வாசல் பெருக்கிக் கோலம் போட்டாயிற்று. குழாயடியில் எல்லாரும் என்னிடம், "அக்கா, சமாதானத்துக்கு ஏழுன்னு சொல்லிடு. ரெண்டு மாசம்தானே. எம்டன் போனாலும் பத்து வந்துரும்" என்றார்கள்.

ரெண்டு மாசம்தான். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பார்க்க ஏழு மாதிரிதான் இருக்கிறாள்.

சொல்லலாமா?

செப்டம்பர் 10, வியாழன்

ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆபீஸ் முன்னால் மேசை. பெரிய தொரை ஒரு பக்கம், லேபர் தொரை ஒரு பக்கம். இளம் ஆள், காது சிவப்பு. கிராணி மொழிபெயர்க்கத் தொண்டையைச் செருமினார். லேபர் தொரை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே தமிழில் பேசினார். மதராசில் படித்த தமிழாம். முன்னால் நின்ற கருப்பம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "அம்மையே, தங்கள் புதல்வியின் அகவை யாது?"

கருப்பம்மாள் முழித்தாள். அப்புறம் பணிவாக, "அகப்பை வீட்ல இருக்குங்க தொரை. எடுத்தாரவா?" என்றாள்.

கடவுளே. என் ஆயுசில் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. முந்தானையை வாயில் அடைத்தேன். பக்கத்தில் சன்னாசிக் கங்காணி என்னையே பார்க்கிறார், நான் எப்போது வெடிப்பேன் என்று. வெடிக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே மோட்சம் தரலாம்.

"வயசு கேக்குறாருடி" என்றேன்.

"அதுவா. அது ஆவுது பத்துப் பன்னெண்டு."

கிராணி சொன்னபடியேதான். லேபர் தொரை பேனாவை வைத்துவிட்டார். ஆறு பையன்களை முன்னாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பெண்பிள்ளைகளின் வயதை எப்படி அறிவது என்று கேட்டார். நான் முன்னால் போனேன். எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"தொரை, நான் கடுதாசி போட்ட குழந்தையம்மாள். இதுங்களை முதல்ல கையில வாங்குனவ. பேர் வெச்சவளும் நான்தான். அந்தப் பேர்லயே வயசு இருக்கு. கூப்பிடுறேன், பாருங்க. புகை!"

புகை ஓடிவந்தாள்.

"புகைக்கூண்டு எரிஞ்ச அன்னைக்குப் பொறந்தா. அது எந்த வருசம்னு பெரிய தொரை ஆபீசுப் புத்தகத்துல இருக்கும்."

பெரிய தொரை கிராணியைப் பார்த்தார். கிராணி உள்ளே போய்ப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து புரட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, மார்ச்சு. ஒன்பது வயசு.

ஆனை வந்தாள். கிணற்றுச் சுவர் கட்டின கூலி புத்தகத்தில் இருந்தது. எட்டு வயசு. "தொரைசாணி" என்று நான் கூப்பிட்டதும் பெரிய தொரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஏழரை வருஷம் ஆகிறதென்று அவரே சொன்னார்.

அதற்குள் சமாதானம் யாரும் கூப்பிடாமலே வரிசையில் வந்து நின்றுகொண்டாள். லேபர் தொரை, "இச்சிறுமி?" என்றார்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவளுக்கு ஆறு தொரை. சண்டை முடிஞ்ச அன்னைக்குப் பொறந்தா. வர்ற நவம்பர் பதினொன்னுல ஏழு. இப்ப சேராது."

யாரோ "அய்யோ" என்றார்கள். லேபர் தொரை என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் புத்தகம் கேட்கவில்லை.

"எம்டன்!"

புல்லுக் கத்தியோடு, அந்தத் தொப்பியோடு வந்தாள். எந்த வருஷம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கப்பல் பேரைக் கேட்டதுமே இரண்டு தொரைகளும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். பத்து வயசு, பதினொன்று நடக்கிறது.

கிராணி செக்ரோலைத் திறந்தார். பாவம், அவர் வேலை அது. "இந்தப் பொண்ணு வேலைல இருக்கா. ஆகஸ்டு மாசத்துலேர்ந்து" என்று விரலை வைத்துக் காட்டினார்.

லேபர் தொரை கருப்பம்மாளைப் பார்த்தார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "இது... பிள்ளையா... ஆளா?"

எனக்கு என்னென்னவோ சொல்ல வாய் துடித்தது. கருப்பம்மாளை நான் பார்க்கக்கூட இல்லை. கீழே, அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கால் ஒரு அடி முன்னால் போனது. மேசைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மைக்கும் பென்சிலுக்கும் வித்தியாசம் தெரியும்.

"பென்சில்தானே அய்யா. அழிச்சிருங்க. எம் பிள்ளை அது."

எம்டன் தொப்பியைக் கழற்றினாள்.

கிராணி ரப்பர்த் துண்டை எடுத்து அழித்தார். இந்தத் தோட்டத்து ரப்பர் எங்கெங்கோ போகிறது என்கிறார்களே, இன்றைக்கு ஒரு துண்டு வீடு வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 13, ஞாயிறு

மூன்று மாதம் ஆகிறது. சாமியார் சொன்னபடி நோட்டை முதலிலிருந்து படித்தேன். வெட்கம் வந்தது; ஒரே ஒரு இடத்தில். ஜூலை இரண்டு. மற்ற இடங்களில் சிரிப்புத்தான் வந்தது. இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

கிராணி வழியில் மறித்தார். "ஆயா, உன் நோட்டுல என் பேர் நெறைய வருதாமே."

"உங்க பேர் ஒரு இடத்துலதான் வருது. பாக்கியெல்லாம் மைக்கூடு."

"எனக்கு வெச்சது சரி. நீ என்னா தெரியுமா? மை ஒத்துற தாள். எது எங்க சிந்துனாலும் நீ உறிஞ்சிக்கிற."

நாலு வருஷமாக யோசித்திருக்கிறார் பாவம். நல்ல பேர்தான்.

நவம்பர் 11, புதன்

இன்று சமாதானத்துக்கு ஏழு.

1926 ஜனவரி 11, திங்கள்

அத்தாப்பு ஓலைக் கூரை, பலகை பெஞ்சு நாலு, பாகான் செராயிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் என்று ஒரு வாத்தியார். கழுத்து மட்டும் கொக்குக்கு இருக்கிற மாதிரி. பேர் வைக்கவில்லை. ஒரு வாரமாவது பொறுப்பேன்.

கொட்டகையிலிருந்து எல்லாம் கேட்கிறது. காலையில் வாத்தியார் புதுப் புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிட்டார். "முத்தம்மா." பதில் இல்லை. "முத்தம்மா!" இல்லை. பத்து நிமிஷமாக ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பேரே பழக்கமில்லை. கடைசியில் வாத்தியார் வெளியே வந்து என்னிடம், "அம்மா, இங்க யார் யாருக்கு என்ன பேர்?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். சர்க்கார் புத்தகத்தில் எம்டன் என்று மையில் ஏறிவிட்டது. பதினொன்றாவது சமாதானம்.

பொட்டப் பிள்ளைகளுக்கும் ஒரே பெஞ்சுதான். கருப்பம்மாள் பால் வாளியோடு போகும்போது அங்கே கொஞ்சம் நின்றாள். பார்க்கவில்லை என்பது போல் பார்த்தாள். "உள்ளதான் போயேன், பலகை ஒண்ணு காலியா இருக்கு" என்றேன். "நீயும் வர்றியா, உன் பக்கத்துல உக்காரவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது மத்தியானம். ஏழும் தூங்குகின்றன. கயிறு இழுக்க ஆள் இல்லை. கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து ஆடுகிறது.